மதுரை தேடி வந்த ஊர்

அன்புத் தோழிக்கு,

இன்னும் ஹார்விபட்டியிலதான் இருக்கியா, மதுரைக்குக் குடி மாறிட்டியான்னு கேட்டிருக்கே. நான் எங்கடி மாறுறது! 2011லயே மதுரை எங்களைத் தேடி வந்துருச்சு. எங்க பேரூராட்சியோட திருநகர், விளாங்குடி, அப்புறம் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகள், பத்துப் பதினொரு ஊராட்சின்னு எல்லாத்தையும் மதுரை மாநகராட்சியில சேர்த்துக்கிட்டாங்க. 72 வார்டு 100 ஆச்சு. 52 சதுர கிலோமீட்டர் இருந்த மாநகராட்சி 148க்குப் போயிருச்சு. முதல் படைவீட்டு முருகனே கார்ப்பரேஷன்காரர் ஆயிட்டார், நாங்க எம்மாத்திரம்!

நம்ம எதிர்வீட்டு அத்தையைச் சொல்லணும். தனிப் பேரூராட்சின்னு அந்தக் காலத்துல என்ன பெருமை பேசுவாங்க தெரியுமில்ல? இப்ப மகனுக்குப் பொண்ணு பார்க்குறாங்க. தூத்துக்குடியிலிருந்து வந்தவங்க "வீடு டவுனுக்கு வெளியிலயோ?"ன்னு இழுத்ததும், "கார்ப்பரேஷன் லிமிட்டுங்க!"ன்னு பட்டுன்னு சொன்னாங்களே பாரு, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

அதோட விட்டிருக்கலாம். "எங்க மாமனார் மதுரா மில்லுல வேலை பார்த்தவரு. மில் ஆளுங்களுக்காக வெள்ளைக்காரன் உண்டாக்குன ஊரு இது"ன்னு ஆரம்பிச்சாங்க. ஸ்காட்லாந்து ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துல மில் வச்சது, அப்புறம் தூத்துக்குடி, 1892ல மதுரை ரயிலடிப் பக்கம்னு ஒரே புராணம். பொண்ணோட அப்பா காப்பி டம்ளரைக் கீழே வச்சாரு. "எங்க ஊரு கோரல் மில்லும் அவங்களோடதுதாம்மா. 1908ல வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்தித்தானே கூலியை உயர்த்த வச்சாரு, ஞாயித்துக்கிழமை லீவு வாங்குனாரு?"ன்னாரு. அத்தைக்கு முகம் சிவந்துருச்சு. மாமா குறுக்கே புகுந்து, "வடை எடுத்துக்குங்க"ன்னு தட்டை நீட்டினாரு.

எனக்கென்னவோ ரெண்டு பேரு பேச்சுலயும் நியாயம் இருக்குன்னுதான் படுது. வேலை வாங்குன கை, வீடும் கட்டிக் கொடுத்துச்சு. அதுக்காகக் கும்பிட்டுக்கிட்டே இருக்கவும் வேண்டாம், இல்லைன்னு சொல்லவும் வேண்டாம். 1974ல மில்லு பேரே மதுரா கோட்ஸ்னு மாறிருச்சு. ஊரு மட்டும் இன்னும் ஹார்வி பேரைச் சுமக்குது.

பேரு மாறலைன்னாலும் பழைய வீடுங்க ஒவ்வொண்ணா மாடி ஏறுது. மூலைவீட்டை இடிச்சு மூணு மாடி போட்டாச்சு, எங்க மொட்டைமாடியிலிருந்து திருப்பரங்குன்றம் மலை பாதிதான் தெரியுது.

வந்தவங்க கிளம்புற நேரத்துல அத்தை பையைத் தூக்கிக்கிட்டு, "நானும் மதுரைக்குப் போறேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்"ன்னாங்க. "அப்ப இது மதுரை இல்லையா?"ன்னு கேட்டுச்சு பொண்ணு. கெட்டிக்காரப் புள்ளைடி! அத்தைக்குப் பிடிக்கல, மாமாவுக்கும் பையனுக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முடிவு தெரிஞ்சதும் எழுதுறேன்.

உன் பிரியமுள்ள தோழி