அம்மாவுக்கு ஒரு நட்சத்திரம்

நான் குளுவாங்கில் வேலை பார்க்கிறேன். மகனுக்குப் பள்ளி. ஆகவே, காஹாங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் பகல் வேளையில் அம்மா தனியாகத்தான் இருப்பார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இப்போது கண்ணில் புரை.

சென்ற வருடம் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கைப்பேசி இடுப்பில்தான் இருந்தது. எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பேரன் பள்ளி விட்டு வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தார்.

அன்றிரவே என் எண்ணை ‘மகள்’ என்று பதிந்து வைத்தேன். “மகளைக் கூப்பிடு என்று வாயால் சொன்னால் போதும்மா, அதுவே கூப்பிடும்” என்று சொல்லிக் கொடுத்தேன்.

“தனியா பேசினா அக்கம்பக்கத்துல பைத்தியம்னு சொல்லுவாங்க” என்று அம்மா தள்ளி வைத்துவிட்டார்.

வழி காட்டியவன் என் மகன். ‘ரீட் அலாங்’ என்ற செயலியில் வாசித்துப் பழகியவன் அவன். 2019 இல் இந்தியாவில் ‘போலோ’ என்ற பெயரில் கூகுள் வெளியிட்ட அது, 2020 இல் பெயர் மாறி 180 நாடுகளுக்குச் சென்றது. பிள்ளை உரக்க வாசித்தால் ‘தியா’ என்ற குரல் கேட்டிருந்து, தடுமாறும் சொல்லைச் சொல்லிக் கொடுக்கும். நன்றாக வாசித்தால் நட்சத்திரம் தரும். அந்த நட்சத்திரத்துக்காகவே சோறு மறந்து வாசித்தவன், இப்போது பாட்டிக்கும் அதையே செய்தான். கைப்பேசியிடம் பேசிப் பதில் வாங்கினால் காலண்டரில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். பத்து சேர்ந்தால் ஞாயிறன்று உளுந்து வடை.

அம்மா சும்மா விடுவாரா? “இன்னிக்கு மழை வருமா?” என்று ஒரே காலையில் ஆறு தடவை கேட்டுவிட்டார்!

“பாட்டி கள்ளாட்டம்!” என்று பேரன் சட்டத்தை மாற்றினான். கேட்டதையே கேட்டால் நட்சத்திரம் கிடையாது. அம்மாவைக் கூப்பிட்டால் இரண்டு.

இரண்டு மாதம் ஓடியது. எனக்கு வேலை, அவனுக்குப் பரீட்சை. காலண்டரை மறந்தோம். ஆட்டம் முடிந்தது, பழக்கமும் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நண்பகல், வேலையிடத்தில் என் கைப்பேசி அலறியது. வீட்டிலிருந்து! எனக்கு உயிரே போய்விட்டது.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல தாயி. மழை வருது, துணியெல்லாம் எடுத்துட்டேன். சும்மாதான் கூப்பிட்டேன்.”

“பேரன் வந்ததும் ரெண்டு நட்சத்திரம் போடச் சொல்லவா?”

“போடி, எனக்கு எதுக்கு அதெல்லாம்? உன் குரலக் கேக்கணும் போல இருந்துச்சு.”

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கண் மங்கிய பெரியவர் இருப்பார். கூச்சம் விலகும்வரை அவரோடு கொஞ்சம் விளையாடிப் பாருங்கள். வடைக்கு உளுந்து ஊறப் போடவும் மறக்காதீர்கள்.