கைமாறி வந்த வண்டி

சுனாபட்டி என்னும் பெயரை முதன்முறையாகக் கேட்கும் நம்மவர் பலர், கோவில்பட்டி, உசிலம்பட்டி போல இதுவும் ஏதோ ஒரு தமிழ்ச் சிற்றூரின் பெயர் என்றே மயங்குவதுண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய எங்கள் உறவினர் ஒருவர், "பம்பாயிலும் நம் ஆட்கள் ஒரு பட்டியைப் பிடித்துவிட்டார்களே!" என்று மகிழ்ந்துபோனார். உண்மையில் சுனா என்பது சுண்ணாம்பு. பட்டி என்பது சூளை. சுண்ணாம்புக் காளவாயின் பெயரைத் தாங்கிய இவ்விடம், சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே, ஹார்பர் ரயில் பாதையை ஒட்டிக் கிடப்பது. 1886-ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா வாங்கிப் புதுப்பெயர் சூட்டிய ஸ்வதேசி ஆலை இப்பக்கத்ததே. ரயில்வே கேட் மூடிவிட்டால் இப்புறத்தார் அப்புறம் போகக் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே ஊர்க்கதை முழுவதும் பேசி முடிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

அக்காலத்தில் எங்கள் வீட்டுத் தொழில் முறுக்கு. அம்மா மாவு பிசைவார், அண்ணி பிழிவார், மற்றவர்கள் அடுப்பையும் கணக்கையும் பார்த்துக்கொள்வோம். சரக்கைச் சுமந்து செல்வது அண்ணனுக்கும் எங்களுள் இளையவர்களுக்கும் உரிய வேலை. மாட்டுங்காவில் நான்கு கடைகள், செம்பூரில் மூன்று, தாராவி மெயின் ரோட்டில் இரண்டு. எண்ணெய் டின்களைக் கழுவிக் காயவைத்து, அவற்றில் முறுக்கை அடுக்கி, துணி கட்டி எடுத்துச் செல்வோம். டின்னைக் கண்டதும் பஸ் நடத்துநர் கையை விரிப்பார். ரயிலின் லக்கேஜ் பெட்டியில் ஏறினாலோ, மீன் கூடைகளுக்கும் காய்கறி மூட்டைகளுக்கும் இடையே முறுக்கு முழுதாக வந்து சேருமென்ற உறுதியில்லை. நொறுங்கிய முறுக்கைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார். அதனை நாங்களே தின்றோம். ஒரு மாதத்தில் நாங்கள் தின்ற நொறுங்கல் எத்தனை கிலோ என்று அண்ணி ஒருமுறை கணக்கிட்டுச் சொன்ன பிறகுதான், வீட்டில் ஸ்கூட்டர் என்னும் சொல் முதன்முறையாக எழுந்தது.

ஸ்கூட்டர் வாங்குவது அந்நாளில் எத்துணை அரிய செயல் என்பதை இன்றைய இளைஞர்க்கு விளக்குவது எளிதன்று. கையிற் பணமிருந்தாலும் கடையில் வண்டி இராது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு உரிமம் வரையறுத்தது. யாருக்கு எப்போது கிடைக்கும் என்பதை 1960-ஆம் ஆண்டின் ஸ்கூட்டர் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை நிர்ணயித்தது. இத்தாலியின் வெஸ்பாவைப் பின்பற்றிப் பூனாவில் உருவான பஜாஜ் வண்டிக்கு, 1972-இல் சேத்தக் என்று பெயர் சூட்டப்பட்ட பின்னர், பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்தோர் உண்டு. மகள் பிறந்தபோது பதிவு செய்தால் அவள் மணத்துக்கு வண்டி வருமென்று கேலி பேசுவார்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அந்நியச் செலாவணி அனுப்பினால் வரிசையைத் தாண்டி வண்டி பெறும் வழியும் இருந்தது. எங்களுக்கு வளைகுடாவிலும் உறவில்லை, மலேயாவிலும் உறவில்லை. இவற்றின் விளைவாக நேர்ந்தது ஒரு விந்தை: நான்கு ஆண்டு ஓடிய பஜாஜ் வண்டி, புதிய வண்டியின் அரசு விலைக்குக் குறையாமல், சில வேளைகளில் அதற்கு மேலும் விலைபோயிற்று. பழையது புதியதைவிட விலையுயர்ந்திருப்பது புராதனச் சிலைகளில் மட்டுமே வழக்கம் என்று எண்ணியிருந்தோம்.

ஆகவே எங்கள் கண் லாம்ப்ரெட்டாவின் மீது விழுந்தது. இத்தாலியின் மிலான் நகரத்தில் லாம்பிராத்தே என்றொரு பேட்டை. அதன் பெயரே வண்டிக்கு ஆயிற்று. பேட்டையின் பெயரைத் தாங்கிய வண்டி சூளையின் பெயரைத் தாங்கிய ஊருக்கு வருவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது. அதனை நம் நாட்டில் செய்துவந்த ஆட்டோமொபைல் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா பம்பாய் நிறுவனமே. பின்னர் அதே வகை வண்டி லாம்பி என்ற பெயரில் வந்தது. பஜாஜுக்கு இருந்த மவுசு இதற்கு இல்லாமையால் பழைய வண்டி எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. அன்றியும், எங்கள் தொழிலுக்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் கருத்து. பஜாஜில் இயந்திரம் வலப்புறமாகத் தொங்கும். லாம்ப்ரெட்டாவில் அது நடுவே அமைந்திருக்கும். காலடிப் பலகையில் இரண்டு டின், பின்புறத்தில் இரண்டு டின் என்று ஏற்றினாலும் வண்டி ஒருபக்கம் சாயாது.

பணத்துக்கு வருவோம். அம்மாவின் சீட்டுப் பணம் 2,000 ரூபாய். அண்ணன் சிறுகச் சிறுகச் சேர்த்தது 1,300. அண்ணி தம் காதுக் கம்மலைக் கழற்றி வைத்து வாங்கி வந்தது 800. ஆக 4,100. இதில் தீபாவளிச் சரக்குக்கான அரிசி, உளுந்து, எண்ணெய் ஆகியவற்றுக்கு 700 ரூபாயைத் தொடக்கூடாதென்று அம்மா தனி முடிச்சாகக் கட்டி வைத்துவிட்டார். பெயர் மாற்றம், டயர், ஓரிரு உதிரிப் பாகம் என்று 200. எஞ்சிய 3,200-க்குள் வண்டி அமைய வேண்டும். அமையாவிட்டால் சீட்டுப் பணத்தை அடுத்த கல்யாணச் செலவுக்கென்று ஒதுக்கிவிடுவதாக முடிவு. அமைந்த வண்டி ஓடாது போனாலோ கம்மலும் திரும்பாது, தீபாவளியும் கைநழுவும்.

ஆண்டு 1982. அவ்வாண்டு ஜனவரி 18-ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய நூற்பாலை வேலைநிறுத்தம், அக்டோபர் ஆகியும் முடிந்தபாடில்லை. இரண்டரை லட்சம் தொழிலாளரின் அடுப்பு அணைந்திருந்தது. கொங்கணத்தார் பலர் குடும்பத்தோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். போகுமுன் சுவர்க்கடிகாரம், தையல் இயந்திரம், பித்தளைப் பாத்திரம் எல்லாம் விலைக்கு வந்தன. எங்களுக்கு வந்த தகவலும் அப்படிப்பட்டதே. பரேல் பக்கத்து ஆலையொன்றில் நெசவுப் பிரிவில் மேற்பார்வை வேலை பார்த்த ஒருவர், சுனாபட்டியில் எங்கள் சாலுக்கு மூன்று வரிசை தள்ளிக் குடியிருந்தார். அவரிடம் ஒன்பது ஆண்டு ஓடிய லாம்ப்ரெட்டா ஒன்று இருந்தது.

பழைய வண்டியைப் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கடினம் என்பார், எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணாச்சி. தாராவியில் பட்டறை வைத்திருந்த நம்மூர்க்காரர். காலையில் ஆறு மணிக்கே, முன்னறிவிப்பின்றி எங்களை அழைத்துச் சென்றார். காரணம் பிறகு விளங்கிற்று. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டி யார் உதைத்தாலும் கிளம்பும். குளிர்ந்த வண்டி கிளம்புவதில்தான் அதன் உடல்நிலை தெரியும். அவர் முதலில் தொட்டது சாவியையன்று, இயந்திரத்தின் மூடியை. அது சில்லென்றிருந்தது. நான்காம் உதையில் கிளம்பிற்று. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் வண்டியாதலால் நீலப் புகை வருவது இயல்பே. சற்று நேரத்தில் அது மெலிகிறதா என்பதே கேள்வி. மெலிந்தது.

அடுத்துச் சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத் துண்டொன்றை எடுத்து வண்டியின் உடம்பெங்கும் வைத்துப் பார்த்தார். தகரத்தில் ஒட்டும் காந்தம், பள்ளத்தை மறைக்கப் பூசிய மக்கின் மேல் ஒட்டாது. இடப்புறக் கதவில் ஓரிடத்தில் காந்தம் வழுக்கி விழுந்தது. காலடிப் பலகையின் ரப்பர் விரிப்பைத் தூக்கினார். பம்பாயின் நான்கு மாத மழையும் கடற்காற்றும் முதலிற் கடிப்பது அந்த இடத்தைத்தான். இரண்டு விரற்கடை அளவுக்குத் துரு இருந்தது. அதற்கும் கீழே குழாய்ச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, அங்கே பற்றவைத்த தழும்பு இல்லையென்று தலையசைத்தார். லாம்ப்ரெட்டாவுக்கு முதுகெலும்பு அந்தக் குழாய்தான். மேலே உள்ள தகரமெல்லாம் உடுப்பு மாத்திரமே.

எங்களை மிகவும் கவர்ந்தது அவர் செய்த தண்ணீர்ச் சோதனை. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, வண்டியை அதன்மீது நேராக உருட்டச் செய்தார். ஈரச் சக்கரங்கள் காய்ந்த தரையில் பதித்த சுவடு ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்தால் சட்டம் நேரானது. இரண்டாகப் பிரிந்தால் வண்டி எங்கோ பலமாக மோதியது. சுவடு ஒன்றாகவே இருந்தது. பின்னர் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டிப் பார்த்தார். இரண்டாம் கியரில் ஏற்றத்தில் விட்டுப் பார்த்தார். கியர் நழுவவில்லை. பின் டயர் மட்டும் மொட்டையாகிவிட்டிருந்தது. "தேறும்" என்றார். அண்ணாச்சியின் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சொல் வந்ததாக யாரும் கேட்டதில்லை.

இனி ஏடு. பதிவுப் புத்தகத்தில் சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பொருந்தின. ஆனால் உள்பக்கத்தில் ஓர் அடமானக் குறிப்பு இருந்தது. தொழிலாளர் கடன் சங்கம் ஒன்றில் 1,150 ரூபாய் பாக்கி. அவர் அதனை மறைக்கவில்லை. தாமே விரல் வைத்துக் காட்டினார். சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்து வந்தார்களாம். சம்பளமே நின்றபிறகு பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் முதலிற் கேட்ட விலை 3,500. முந்தைய வாரம் வந்தவர்கள் 2,800 வரை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ரொக்கமாக இன்றே தந்தால் அதற்கே தருவதாகச் சொன்னார். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

அன்றிரவு எங்கள் வீட்டில் நெடுநேரம் பேச்சு நடந்தது. 2,800-க்கு முடித்தால் 400 ரூபாய் மிஞ்சும்; அண்ணியின் கம்மலில் பாதி திரும்பிவிடும். அவர் கேட்ட விலைக்குத்தானே வாங்குகிறோம் என்பது ஒரு பக்கம். கடன் போக அவர் கையில் நிற்பது 1,650. அதைக்கொண்டு ஐந்து பேர் ஊர் போய் எத்தனை நாள் உண்பார்கள் என்பது மறுபக்கம். முடிவில் அம்மாதான் கேட்டார்: "அண்ணாச்சி வண்டி எவ்வளவு பெறும்னாரு?" டயருக்குக் கழித்தால் 3,100 என்று அண்ணாச்சி வழியில் சொல்லியிருந்தார். "அப்ப அதக் குடுலே" என்று அம்மா படுக்கப் போய்விட்டார். இதனை அறச்செயல் என்று சொல்லிக்கொள்ள நாங்கள் முற்படவில்லை. வண்டி அவ்வளவு பெற்றது, அவ்வளவு கொடுத்தோம். அண்ணிக்குத்தான் சற்று வருத்தம். அதுவும் நியாயமே, கம்மல் அவருடையது.

மறுநாள் அண்ணனும் அவருமாகக் கடன் சங்கத்துக்குச் சென்று பாக்கியை நேரே கட்டி, பாக்கியில்லை என்னும் கடிதத்தைப் பெற்ற பிறகே மீதித் தொகை கைமாறிற்று. இந்த முறையை நம்மவர் எவரும் கைவிடலாகாது. இன்றைய சட்டம் 1988-ஆம் ஆண்டினது. விற்பவர் படிவம் 29, வாங்குபவர் படிவம் 30, கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 என்று எண்கள் மாறியுள்ளன. வண்டியின் வரலாற்றை வாகன் இணையத்தளத்திலேயே பார்த்துவிடலாம். அண்மையில் எங்கள் அண்ணன் மகன் பழைய பந்தய பைக் ஒன்றை வாங்கப் புறப்பட்டபோது, காந்தத் துண்டைக் கண்டு சிரித்தான். ஆனால் படிவங்களைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. விற்றபின் பெயரை மாற்றாமல் விட்டால், விபத்து நேரும்போது ஏட்டிலுள்ள பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதனால் விற்பவருக்கும் இதில் அக்கறை உண்டு. பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டியாயின் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். குறைந்த விலை என்று துள்ளுவோர் பெரும்பாலும் இதனைக் கூட்டுவதில்லை.

அண்ணன் சோமையா மைதானத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பழகினார். விற்றவரே மாலைதோறும் வந்து கற்றுக்கொடுத்தார். மழைநாளில் பிளக்கின்மேல் ரப்பர்த் துண்டு சுற்றும் வித்தையும், ஏற்றத்தில் கிளட்சை எந்த அளவு விடுவது என்பதும் அவர் தந்தவையே. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் குடும்பம் ரத்னகிரிக்குப் புறப்பட்டது. அம்மா இரண்டு டின் முறுக்கு கொடுத்தனுப்பினார். டின்னைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொன்னபோதுதான் அவர் மனைவி அழுதார்.

அந்தத் தீபாவளிக்கு நாள்தோறும் மூன்று நடை சென்றோம். கேட் மூடியிருக்கும்போதெல்லாம் காலடியில் டின்களோடு நிற்கும் லாம்ப்ரெட்டாவை வைத்தே எங்கள் வீட்டுக்கு 'சக்லிவாலா' என்ற பெயர் நிலைத்தது. தை பிறப்பதற்குள் கம்மல் அண்ணியின் காதுக்குத் திரும்பியது. வண்டியும் தன் பங்குக்குச் செலவு வைத்தது: மறு மழைக்காலத்தில் மேக்னெட் காயில் எரிந்தது, அதற்கடுத்த ஆண்டு சங்கிலி. காலம் செல்லச் செல்லப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று; குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுதும் தேட வேண்டியிருந்தது. 1984-இல் கியரே இல்லாத கைனடிக் ஹோண்டா வந்தபின், வரிசையில் காத்திருக்கும் வழக்கமும் மெல்ல ஒழிந்தது.

1991-இல் அதனை விற்றோம். வாங்க வந்தவர் மான்கூர்டில் இட்லி வியாபாரம் தொடங்கவிருந்த ஒரு விழுப்புரத்து இளைஞர். அவரும் அவர் மனைவியும் வண்டியை இருமுறை சுற்றி வந்தனர். அம்மா உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் முன் வைத்து, "ஊத்தி உருட்டிப் பாருய்யா" என்றார்.