ஓடி வராத ஊர்

“ஷி இஸ் க்ரையிங் வுல்ஃப், மேடம்” என்றார் அந்தப் பேராசிரியர்.

நான் முன்பு வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் புகார்க் குழுக் கூட்டம் அது. மேசைமேல் ஒரு மாணவியின் கடிதம் கிடந்தது. ஒரே ஆளைப் பற்றி அவள் எழுதிய மூன்றாவது கடிதம். அதை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்கள். டீ வந்தது. அடுத்த விஷயத்துக்குப் போனோம். நானும்தான் போனேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் ஆங்கில அகராதியை எடுத்து ‘வுல்ஃப்’ என்ற சொல்லைப் பார்த்தேன். மொழி படித்தவளுக்கு மனசு சரியில்லை என்றால் போய் நிற்க அகராதிதான் இருக்கிறது.

இங்கிலாந்துக் காடுகளில் ஓநாய் அற்றுப்போய் ஏறத்தாழ 500 ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலத்துக்குள் அது இன்னும் நன்றாகவே உலவுகிறது. அள்ளி அள்ளி விழுங்குவது ‘வுல்ஃப்’. வறுமை என்பது வாசலில் நிற்கும் ஓநாய். யாரையும் சாராமல் தன் போக்கில் போகிறவன் ‘லோன் வுல்ஃப்’. பெண்களைத் துரத்துகிற ஆணையும் ‘வுல்ஃப்’ என்பார்கள்; அதில் கண்டிப்பைவிடக் கண்சிமிட்டல்தான் அதிகம். தெருவில் போகும் பெண்ணைப் பார்த்து அடிக்கும் விசிலுக்கு ‘வுல்ஃப் விசில்’ என்று பெயர். வேட்டை மிருகத்தின் பெயரை வைத்துவிட்டு, பாராட்டாக எடுத்துக்கொள் என்றும் அவளிடமே சொல்வார்கள்.

அதே சொல் பெண்ணுக்கு வரும்போது நிறம் மாறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வெஸ்ஸெக்ஸை ஆண்ட மன்னனின் பெயர் ஏதெல்வுல்ஃப். மேன்மையான ஓநாய் என்று பொருள். அவனுக்கு அது பெருமை. கணவன் ஆறாம் ஹென்றிக்காகப் படை திரட்டிய ராணி மார்கரெட்டை ஷேக்ஸ்பியரின் நாடகம் ‘ஷீ-வுல்ஃப்’ என்கிறது. அவளுக்கு அது வசை. லத்தீனில் இன்னும் மோசம். ‘லூபா’ என்றால் பெண் ஓநாய்; பாலியல் தொழிலாளிக்கும் அதே சொல்தான்.

என்னை உலுக்கியது ஒரு பழைய சட்டம். இடைக்கால இங்கிலாந்தில் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனை ‘ஓநாய்த் தலை’ கொண்டவன் என்றார்கள். ஓநாயைக் கொல்வதுபோல அவனையும் யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று பொருள். பெண்ணை அப்படித் தள்ள முடியாது என்கிறது ப்ராக்டன் என்ற 13ஆம் நூற்றாண்டுச் சட்டநூல். காரணம் கருணை இல்லை. ஆண்களைப்போல அவள் சட்டத்துக்குள் உறுதிமொழி கொடுத்துச் சேர்க்கப்பட்டவளே அல்ல. உள்ளே இல்லாதவளை எப்படி வெளியே தள்ளுவது? அதனால் அவளுக்கு வேறு சொல்: ‘வெயிஃப்’. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளுக்கும் அதுதான் பெயர்.

கேட்பாரற்றுக் கிடப்பது. கோப்புக்குள் போன அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கதைக்கே திரும்பினேன். ஈசாப்பின் ஓநாய் நம் ஊருக்கு வந்தபோது புலியாகிவிட்டது. “புலி வருது, புலி வருது” என்றுதான் நாம் சொல்கிறோம். ஆடு மேய்க்கும் பையன் விளையாட்டுக்குக் கத்துகிறான். ஊர் ஓடி வருகிறது, ஒன்றுமில்லை. மறுபடி கத்துகிறான், மறுபடி ஏமாற்றம். கடைசியில் நிஜமாகவே வருகிறது, யாரும் வரவில்லை. பொய் சொல்லாதே என்று நமக்குப் பாடம் நடத்தினார்கள்.

இத்தனை வருஷமாக நான் கவனிக்காத ஒன்று அன்றுதான் கண்ணில் பட்டது. கதையில் அந்த ஊர் முதலில் ஓடி வந்தது. கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பையனைப் பொய்யன் என்றது. எங்கள் குழு ஒருமுறைகூட ஓடவில்லை. முதல் கடிதத்துக்கு யாரையும் விசாரிக்கவில்லை. இரண்டாவதற்கு, “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்றோம். மூன்றாவதைப் பொய்க் கணக்கில் எழுதிவிட்டோம். அவள் மூன்று முறை கத்தினாள் என்பதே அவள் பொய் சொல்கிறாள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அந்த ஓநாய் மூன்று முறை வந்திருக்கலாம் என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் அவளைத் தேடினேன். டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு முன்பு ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “அம்மா, நீங்களாவது படிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டிருந்தாள். தமிழ்த்துறை மாணவிகள் எங்களை அம்மா என்றுதான் அழைப்பார்கள். “பார்க்கிறேம்மா” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

இப்போது வேறு கல்லூரியில், இதே மாதிரி ஒரு குழுவில் இருக்கிறேன். கடிதம் வந்தால் எழுதியவள் எப்படிப்பட்டவள், இதற்கு முன் எத்தனை எழுதினாள் என்றுதான் இங்கேயும் பேச்சு தொடங்கும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “நம்மில் யார் போய்ப் பார்த்தோம்?” கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒருவர் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்திருப்பார்.

இந்தக் கேள்வியை அன்று கேட்டிருக்க வேண்டும்.