கொதிநீர் சொன்ன பாடம்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தி வைத்தனர். அந்த வரிசையில் நிற்கும் குருவுக்கு நாம் என்ன செய்கிறோம்? செப்டம்பர் 5 வந்தால் ஒரு ரோஜாப்பூ, ஒரு வாழ்த்து அட்டை, ஒரு குழுப்பாடல். மறுநாளே வீட்டுப்பாடம் எழுதாமல் போய் நிற்கிறோம்!

அந்த நாள், பேராசிரியராக இருந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்த நாள். 1962-ஆம் ஆண்டு முதல் அதனை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். சிறந்த ஆசிரியர்களுக்குத் தேசிய விருது வழங்கும் வழக்கம் அதற்கும் முன்பே, 1958-இல் தொடங்கிவிட்டது. தமிழக அரசும் ராதாகிருஷ்ணன் பெயராலேயே நல்லாசிரியர் விருது அளித்து, வெள்ளிப் பதக்கமும் பாராட்டுச் சான்றிதழும் பத்தாயிரம் ரூபாயும் தந்து சிறப்பிக்கிறது. ஆனால் எத்தனையோ ஆயிரம் ஆசிரியர்களில் மேடை ஏறுபவர் சிலரே. மேடை ஏறாத ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் எங்கள் இயற்பியல் ஆசிரியை.

கொல்லிமலைக்குப் பேருந்தில் வருபவர்கள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். பாதியில் தலை சுற்றி எண்ணிக்கையை விட்டுவிடுவோரும் உண்டு. எங்கள் ஆசிரியைக்கோ அதுவே சாய்தளப் பாடம். "நேராக ஏறினால் தூரம் குறைவு, விசை அதிகம். சுற்றி ஏறினால் தூரம் அதிகம், விசை குறைவு. மலைப்பாதை போட்டவர்கள் இதைத் தெரிந்தவர்கள்" என்பார். செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரி மன்னன் சிலையருகே எங்களை நிறுத்தி, வளைத்த வில்லில் இருக்கும் நிலையாற்றல் அம்பில் இயக்க ஆற்றலாக மாறுவதை விளக்கினார். அன்று முதல் ஓரி எங்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் மட்டுமல்ல, அறிவியல் பாடத்திலும் வந்துவிட்டார்!

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நீரின் கொதிநிலையைக் கண்டறியும் சோதனை செய்தோம். நீர் தளதளவென்று கொதித்தது. வெப்பமானியில் பாதரசம் 96 பாகையில் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் ஏறவில்லை. பாடநூலில் 100 பாகை என்றுதானே இருக்கிறது? எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று பயந்து, பதிவேட்டில் 100 என்று எழுதிவிட்டேன். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் 100 என்றே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு தோழி மட்டும் 96 என்று எழுதியிருந்தாள். "ஏன்டி, தண்ணீர்கூட உனக்கு ஒழுங்காகக் கொதிக்காதா?" என்று கேட்டுச் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் எழுதியதை அழிக்கவில்லை.

மறுநாள் பதிவேடுகள் திரும்பி வந்தன. அவளுக்கு முழு மதிப்பெண். எங்கள் அனைவருக்கும் சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: "மீண்டும் செய்க."

ஆசிரியை கோபப்படவில்லை. என்னை எழுப்பி, "நீ என்னம்மா பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

"96, டீச்சர்."

"பிறகு 100 யார் பார்த்தது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணீர்தான் வந்தது.

பிறகு அவர் விளக்கினார். உள்ளே உண்டாகும் நீராவி, மேலிருந்து அழுத்தும் காற்றை எதிர்த்து எழும்போதுதான் நீர் கொதிக்கிறது. நாம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே வாழ்கிறோம். இங்கே நம்மை அழுத்தும் காற்று குறைவு. ஆகவே நீர் சீக்கிரமே, குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு பாகை குறையும். எவரெஸ்ட் உச்சியில் 70 பாகை அளவிலேயே கொதித்துவிடுமாம். அந்த வார இறுதியில் அதே வெப்பமானியை நாமக்கல்லுக்கு எடுத்துச் சென்று தம் வீட்டில் நீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தார். 99 பாகை காட்டியது. வெப்பமானி பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் தாயார் வியந்துபோனார். சமவெளியில் பிறந்து மலைக்கு வாழ வந்தவர் அவர். "கல்யாணமாகி வந்த நாள் முதல் பருப்பு வேக நேரமாகிறது. என் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று உன் பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார்" என்று சிரித்தார். இத்தனை ஆண்டுப் பழி ஒரு வெப்பமானியால் நீங்கியது! தோழியிடம் நான் மன்னிப்புக் கேட்டதையும் இங்கே எழுதுவதே முறை.

பெரியோர் வாழ்விலும் இத்தகைய ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். இராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுவர்களைச் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டினார். அச்சிறுவர்களில் ஒருவரே டாக்டர் அப்துல் கலாம். குடியரசுத் தலைவரான பின்பும் அந்த ஆசிரியரை அவர் மேடைதோறும் நினைவுகூர்ந்தார். 1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம், லாகூரில் தமக்குக் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்குலியைத் தேடி 1981-இல் கல்கத்தாவுக்கே வந்தார். பதக்கத்தை எடுத்துக் காட்டி, அது ஆசிரியருக்கே உரியது என்றாராம். மாணவர் தேடி வருவதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறு என்ன விருது வேண்டும்?

எங்கள் ஆசிரியை இவ்வாண்டு பணி ஓய்வு பெறுகிறார். கேடயம் வாங்கித் தரக் காசு சேர்த்தோம். அவர் மறுத்துவிட்டார். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் தாம் கண்ணால் கண்டு, அளந்து அறிந்த ஓர் உண்மையை எழுதினோம். ஒருத்தி தன் வீட்டுக் கூரை நிழலை மாதந்தோறும் அளந்திருந்தாள். ஒருத்தி மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணியிருந்தாள். நான் எங்கள் வீட்டு அடுப்பில் பருப்பு வெந்த நேரத்தை எழுதினேன்: திறந்த பாத்திரத்தில் 55, குக்கரில் 15.

அவர் ஒவ்வொரு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கண் கலங்கினார். பிறகு பேனாவை எடுத்து, என் பக்கத்தில் விடுபட்டிருந்த "நிமிடம்" என்ற சொல்லைச் சிவப்பு மையால் எழுதிச் சேர்த்தார்!

அன்புத் தோழியரே, அடுத்த ஆண்டு நான் பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கப் போகிறேன். கண்டதைக் கண்டபடி எழுதுவேன். அவருக்கு நான் தரக்கூடிய நல்லாசிரியர் விருது அதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி