திரைக்கு அப்பால் ஒரு பாலைவனம்

அகபா துறைமுகத்திலிருந்து காரில் ஏறி ஒரு மணி நேரம் போனால் போதும். கடற்காற்று மறைந்து, சிவந்த மணலும் அதன் நடுவே கோபுரம் கோபுரமாக மணற்பாறை மலைகளும் வந்துவிடுகின்றன. இதுதான் ஜோர்டான் நாட்டின் வாதி ரம். ஜபல் ரம் என்ற மலை மட்டும் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். அதன் அடியில் நிற்கும் ஜீப், குழந்தை விளையாடிவிட்டுப் போட்ட பொம்மை மாதிரி இருக்கிறது!

இந்த இடத்தை நம்மில் பலர் சினிமாக் கொட்டகையிலேயே பார்த்தாயிற்று. டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 1962-ல் வெளிவந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். ஒட்டகச் சவாரி பார்க்க வரும் குழந்தைகள் இடைவேளைக்குள் தூங்கிவிடுவார்கள். இது பெரியவர்கள் கதை. முதல் உலக யுத்தத்தில் துருக்கியரை எதிர்த்து அராபியருடன் சேர்ந்து போரிடும் ஓர் ஆங்கில அதிகாரி, பாலைவனத்தில் தவறிவிட்ட ஒருவனை உயிரைக் கொடுத்து மீட்டு வருகிறான். பிறகு அவனையே தன் கையால் சுட நேர்கிறது. அந்தக் காசிம் யார் தெரியுமோ? ஹிந்திப் பட ஹாஸ்ய நடிகர் ஐ. எஸ். ஜோஹர்தான்!

1961 மே மாதம் ஜோர்டானில் படப்பிடிப்பு தொடங்கியது. ஒரு காட்சியை மறுபடி எடுக்க வேண்டுமானால் மணலில் பதிந்த காலடிகளை முதலில் பெருக்கித் தள்ளவேண்டும். பாலைவனத்திலும் விளக்குமாற்றுக்கு விடுமுறை இல்லை, பாருங்கள்! கானல் நீரிலிருந்து ஓமர் ஷெரீப் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தோன்றி, மெள்ள மெள்ள வளர்ந்து வரும் காட்சியை அல் ஜஃப்ர் சமவெளியில் எடுத்தார்கள். படத்தில் வரும் அகபா நகரமோ ஸ்பெயின் கடற்கரையில் போட்ட செட்.

எல்லாம் சரி. அத்தனை நீளப் படத்தில் ஒரு பெண்ணாவது வாய் திறந்து பேசுகிறாளா? ஒரு வசனம்கூடக் கிடையாது. படத்தை ரசித்தவள்தான் நான். ஆனாலும் இந்தக் குறையை வாதி ரம்மில் என்னால் மறக்க முடியவில்லை. படத்தில் இளவரசர்கள் உட்கார்ந்து யுத்தம் பேசுகிறார்களே, அந்த மாதிரிக் கூடாரங்களை நெய்வது யார்? பதூயின் பெண்கள். ஆட்டு ரோமத்தைத் தக்கிளியில் நூற்று, தரையோடு தரையாகத் தறி போட்டு, பட்டை பட்டையாக நெய்து, தைத்துச் சேர்க்கிறார்கள். மழை பட்டால் இழை ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், உள்ளே ஒழுகாது.

கூடாரத்தை இரண்டாகப் பிரிக்கும் திரையும் அவர்கள் கைவேலைதான். இந்தப் பக்கம் ஆண்களும் விருந்தாளிகளும். அந்தப் பக்கம் பெண்களும் சமையலும். ஆண் விருந்தாளி திரையைத் தாண்டக் கூடாது. எனக்கு அந்தத் தடை இல்லையே! உள்ளே போனதும் ஒரு கிழவி பக்கத்தில் இடம் காட்டினாள். சர்க்கரை தாராளமாகப் போட்ட தேநீர் வந்தது. என் புடவைத் தலைப்பை விரலால் நிரடிப் பார்த்துவிட்டு அவள் ஏதோ சொன்னாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். பாஷை புரியவில்லை. ஆனால் அவள் விரல் என் புடவைக் கரையின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தது.