மெர்சி நதியில் ஒரு பாட்டுப் படகு

லிவர்பூலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பீட்டில்ஸைத் தேடுவார்கள். சிலை, டீ கப், சாவிக்கொத்து என்று திரும்பின இடமெல்லாம் அந்த நாலு பேர்தான். நான் தேடிப் போனது பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருந்த ஜெர்ரி மார்ஸ்டனை. கோஷ்டியின் பெயர் 'ஜெர்ரி அண்டு த பேஸ்மேக்கர்ஸ்'. இருதய ஆஸ்பத்திரி சமாசாரமில்லை சார், கிடார் கோஷ்டி!

பீட்டில்ஸின் மானேஜர் பிரையன் எப்ஸ்டைன்தான் இவருக்கும் மானேஜர். 1963-ல் ஜெர்ரியின் முதல் மூன்று ரெக்கார்டுகளும் நம்பர் ஒன். பீட்டில்ஸுக்கே அந்த ராசி வாய்க்கவில்லை. 1964-ல் பீட்டில்ஸ் நடித்த படம் சக்கைப்போடு போட, ஜெர்ரிக்கும் ஒரு படம் எடுத்தார் எப்ஸ்டைன். பெயர் 'ஃபெர்ரி கிராஸ் த மெர்சி'. கதையைப் போஸ்ட் கார்டில் எழுதினால் பாதி கார்டு மிச்சம். ஒரு பாட்டுப் போட்டி, கொஞ்சம் ஓட்டம், அவ்வளவுதான். ஆனால் செட் போடாத நிஜ லிவர்பூல் அதில் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. அந்தப் படகும்தான்.

பியர் ஹெட் படகுத்துறையில் டிக்கெட் வாங்கினேன். எதிர்க்கரையில் பர்கன்ஹெட். 12-ம் நூற்றாண்டில் அங்கே மடம் கட்டிய துறவிகள்தான் முதலில் ஆட்களை அக்கரை சேர்த்தார்களாம். 1330-ல் மூன்றாம் எட்வர்டு ராஜா, 'கட்டணம் வாங்கிக்கொள்ளலாம்' என்று சாசனமே கொடுத்துவிட்டார். பி.காம். படித்தவனுக்கு இதைவிடப் புல்லரிக்கிற சரித்திரம் வேறென்ன வேண்டும்?

1886-ல் ஆற்றுக்கு அடியில் ரயில் வந்தது. 1934-ல் கார் போகச் சுரங்கப்பாதை. அப்புறம் படகு எதற்கு? கணக்குப் பார்த்தால் எப்போதோ இழுத்து மூடியிருக்க வேண்டும். பாதி உயிரை அந்தப் பாட்டுதான் பிடித்து வைத்திருக்கிறது என்பேன்.

பாட்டுக்கு இன்னொரு ஜென்மமும் உண்டு. 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஃபுட்பால் பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கினார்கள். மொத்தம் 97 உயிர். பழியையும் அவர்கள் தலையிலேயே போட்டார்கள். ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று விசாரணை ஜூரிகள் சொல்ல 2016 ஆனது. 27 வருஷம்! சம்பவம் நடந்த அடுத்த மாதமே ஜெர்ரி, பால் மெக்கார்ட்னி எல்லோரும் சேர்ந்து இந்தப் பாட்டைத் திரும்பப் பாடி, நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். முதல் தடவை எட்டாம் இடத்தோடு நின்ற பாட்டு, இப்போது முதலிடம்.

ஜெர்ரி 2021 ஜனவரியில் போய்விட்டார். படகில் ஸ்பீக்கர் அவர் குரலில் பாடியது. பக்கத்து பெஞ்சுப் பாட்டியம்மா கூடவே சத்தமாகப் பாடினார். பேரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.