நரசிம்மத்தின் குரல்

உத்தமபாளையத்தில் என் அண்ணன் வீட்டு மாடியிலிருந்து ஆறு மாதமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கிறது. அது தொடங்கியதும் அண்ணன் திண்ணைக்கு வந்துவிடுவார்.

"ராசா பிறந்த பண்ணைப்புரம் பக்கத்துலதான் இருக்கு. இங்கே உட்கார்ந்துக்கிட்டு இவன் பேயைக் கூப்பிடுறான். நீ கதை எழுதுறவன், பக்குவமாச் சொல்லு. அந்தக் கிதாரை வித்துட்டு ஒரு வேலையைப் பார்க்கட்டும்" என்றார்.

புத்தி சொல்லப் போகிறவன் விஷயத்தைத் தெரிந்துகொண்டு சொல்வதுதான் நியாயம். மாடி ஏறினேன்.

"டெத் மெட்டல், சித்தப்பா" என்றான் பையன். தமிழில் மரண உலோகம் என்று சொல்லலாம். கேட்டால் சொற்குற்றம் இல்லை என்றே தோன்றும். 1980களின் நடுவில் அமெரிக்காவில் முளைத்த சங்கீதம் இது. 'டெத்' என்றே பெயர் வைத்துக்கொண்ட ஃபுளோரிடாக் குழுவின் முதல் இசைத்தட்டு 1987இல் வந்தது. சுருதியை நன்றாகக் கீழே இறக்கிய கிதார், இரண்டு காலாலும் மிதித்து முழக்கும் முரசு, அவற்றுக்கு மேல் உறுமும் ஒரு குரல்.

பையன் எனக்குப் போட்டுக் காட்டியது அமெரிக்கச் சரக்கு அல்ல. பம்பாயில் சாஹில் மகிஜா என்பவர் 2000இல் தொடங்கிய 'டெமோனிக் ரெசரக்‌ஷன்' என்ற குழு 2017இல் வெளியிட்ட இசைத்தட்டு. அதன் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'தசாவதார்'! மச்சம் முதல் கல்கி வரை பத்து அவதாரத்துக்கும் பத்துப் பாட்டு. ஒன்பதாவதாகப் புத்தர் வருகிறார். நம் பக்கத்தில் பலராமரைச் சேர்த்துத்தான் பத்து என்று எண்ணுவோம். அவர்கள் வடக்கத்திக் கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

முதல் மூன்று அவதாரங்களில் எனக்குத் தலைவலி வந்தது உண்மை. நான்காவதில் நரசிம்மம் உறுமியபோது, ஐந்து வயதில் பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து பார்த்த வீரபாண்டித் திருவிழா நினைவுக்கு வந்தது. கௌமாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி ஏந்தி வந்த கூட்டத்தில் எங்கள் தெரு டீக்கடைக்காரருக்கு அருள் வந்துவிட்டது. "ஒரு டீயா, ரெண்டு டீயா?" என்று கேட்கிற மனிதருடைய தொண்டையிலிருந்து, அவருக்குச் சொந்தமில்லாத ஒரு குரல் வந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. "இனிமையாகப் பாடக்கூடாதா?" என்று அவரை யாரும் கேட்கவுமில்லை. பாட்டி என்னைக் கீழே இறக்கிவிட்டுக் கும்பிட்டாள். யோசித்துப் பாருங்கள்: தூணைப் பிளந்துகொண்டு வருகிற நரசிம்மம் கல்யாணி ராகத்திலா ஆலாபனை செய்யும்?

அந்த உறுமல் வெறும் கத்தலும் அல்லவாம். குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு. மூச்சை அடக்கி அவற்றை அதிரவைக்க வேண்டும். பழகாமல் கத்தினால் தொண்டை புண்ணாகும். "ஆறு மாசமா அதைத்தான் பழகுறேன், சித்தப்பா" என்றான்.

மகிஜாவின் கதையையும் அவனே சொன்னான். மனிதர் ஓயாதவர். குழுவோடு நிற்காமல் 'டெமன்ஸ்டீலர்' என்ற பெயரில் தனியாகவும் 2008 முதல் இசைத்தட்டுகள் போட்டிருக்கிறார். அப்படி 2023இல் வந்த ஒன்று, பொய்ப் பிரசாரம் மனிதர்களை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதைப் பற்றியது. வேடிக்கைப் பாட்டுக்கு வேறொரு குழு, சொந்தமாக இசைத்தட்டுக் கம்பெனி. போதாததற்கு யூடியூபில் சமையலும் செய்து காட்டியிருக்கிறார். இந்தச் சங்கீதத்தை நம் நாட்டில் சினிமா கூப்பிடுவதில்லை, சபா கூப்பிடுவதில்லை, கல்யாண வீடு நிச்சயமாகக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலே இருபது வருஷத்துக்கு மேல் ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்.

அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. என் முதல் கதை அச்சான அன்று அப்பா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை உன்கிட்ட யாருடா கேட்டாங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் தெரியவில்லை. இப்போது அதே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் மாடி ஏறியிருக்கிறேன்!

கீழே இறங்கினேன். "சொன்னியா?" என்றார் அண்ணன்.

"ராசாவும் 1976இல் 'அன்னக்கிளி' வருமுன்னே, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடையில் பாடினவர்தானே? அப்போ சினிமாவா கூப்பிட்டது?" என்றேன்.

"அது பாட்டு. இது சோறு போடுமா?"

"போடாது, அண்ணே. எனக்குக் கதையா போட்டது? அரிசி மண்டியில கணக்கு எழுதித்தானே சாப்பிடுறேன். இவனும் பகலில் ஒரு வேலைக்குப் போகட்டும். கிதார் இருக்கட்டும்."

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மாடியில் உறுமல் மறுபடி தொடங்கியது. மலைக்காற்று அதை அள்ளித் தெருவில் போட்டது. எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது. அண்ணன் எழுந்து மாடிப்படி வரை போய், "டேய், கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுடா!" என்றார்.

'பாடுடா' என்றுதான் சொன்னார்.